தென்கோடித் தடம் – 17: விளிம்புக்கு ஓரடி முன்னால்

1979 மார்ச் 27 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஜப்பான் தேசிய ரயில்வேக்கு எதிராக ஒரு தீர்ப்பு சொன்னது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1973 பிப்ரவரியில், அந்நகரின் தகதனோபாபா நிலையத்தில் பார்வையற்ற ஒருவர் நடைமேடை முடிவது தெரியாமல் தண்டவாளத்தில் விழுந்தார். வந்த ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். விளிம்பு வந்துவிட்டது என்று காலுக்குத் தெரிவிக்க அந்த நடைமேடையில் எந்த ஏற்பாடும் இல்லை என்பது குடும்பத்தாரின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து, ஏப்ரலில், புதிதாகப் போட்ட திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதையில் உள்ள குழித்துறையில் முதல் ரயில் வந்து நின்றது.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. டோக்கியோ தீர்ப்பை அன்று விளவங்கோடு தாலுகாவில் யாரும் படித்திருக்கப் போவதில்லை. ஆனாலும் இந்த அத்தியாயத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இரண்டு நிகழ்ச்சிகள் எனக்குக் கிடைக்கவில்லை. நடைமேடையின் விளிம்பைப் பார்வையற்றவரின் காலுக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு அப்போது விடை இருந்தது. கண்டுபிடித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாம் புத்தம் புதிதாக ஒரு பாதை போட்டோம்; நிலையம் நிலையமாக நடைமேடை கட்டினோம்; அந்த விடை நம்மை எட்டவே இல்லை.

1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியதிலிருந்து பாறைகளை வெட்டிப் பள்ளங்களை நிரப்பிய வேலை வரை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். அதைத் திரும்பச் சொல்லவில்லை. பாதை திறந்தபோது எடுத்த படங்களில் எல்லோரும் இஞ்சினைப் பார்ப்பார்கள், மாலையைப் பார்ப்பார்கள், கூட்டத்தைப் பார்ப்பார்கள். இந்த வாரம் அவர்கள் நின்ற தரையை மட்டும் பார்க்கலாம்.

அந்தக் காலத்து நடைமேடை என்பது மண்ணை நிரப்பி, ஓரத்தில் கல் பாவிய ஒரு திண்டு. விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். சுண்ணாம்போ பெயின்டோ, கண் இருப்பவருக்கான எச்சரிக்கை அது. கண் இல்லாதவருக்கு அந்தக் கோடும் அதற்கு அப்பால் உள்ள வெற்றிடமும் ஒன்றுதான். இந்திய அகலப் பாதையில் உயர்மட்ட நடைமேடை என்றால் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். ஏறக்குறைய இடுப்புக்குச் சற்றுக் கீழே. அந்த உயரத்திலிருந்து குதித்தால் பெரிய காரியமில்லை. இன்னும் தரை இருக்கிறது என்று நம்பி வைத்த கால் அந்தரத்தில் இறங்கினால் கதை வேறு. முகம் முதலில் போகும். கீழே ஜல்லியும் இரும்பும். மேலே ஏறிவர எந்தப் பக்கம் கை நீட்டுவது என்று தெரியாது.

பார்வையற்றவர் எப்படி நடக்கிறார் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்று நடைமேடை ஓரத்தில் பதிக்கும் குமிழ் வைத்த மஞ்சள் பட்டையின் அருமை புரியாது. வெள்ளைக் கோலுக்கு நூற்றாண்டு வயதாகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டார் என்பார்கள். மற்றவர்கள் தன்னைக் கண்டு ஒதுங்குவதற்காக அடித்த வெள்ளை அது. கோலையே ஒரு புலனாக ஆக்கியது இரண்டாம் உலகப் போர்க் காலம். போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த ரிச்சர்ட் ஹூவர் நீளமான, எடை குறைந்த கோலை வடிவமைத்தார். இடது கால் முன்னே போகும்போது கோல் முனை வலப்பக்கம், வலது கால் போகும்போது இடப்பக்கம் என்று ஒரு வில் போல வீசி நடக்கும் முறையை 1940களின் நடுவில் வகுத்தார். இன்றுவரை உலகமெங்கும் அதுதான் பாடம்.

அந்த முறைக்கு ஒரு துணை வேண்டும்: ஒட்டி நடக்க ஒரு கரை. சுவர், வேலி, சாலையோரத் திண்டு, புல் தொடங்கும் இடம், ஏதாவது ஒன்று. கோல் முனை அதைத் தட்டிக்கொண்டே போகும். குழித்துறைப் பக்கத்து இடவழிகளில் இது எளிது. இருபுறமும் கையாலா, கல்மதிலா, ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ரயில் நடைமேடையில் அந்த வசதி இல்லை. பெரிய வெட்டவெளி. நடுவில் தூண், பெஞ்சு, பார்சல் வண்டி, தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பம். தட்டிக்கொண்டு போகக் கிடைக்கும் ஒரே தொடர்ச்சியான கரை எது தெரியுமா? தண்டவாளப் பக்கத்து விளிம்புதான்.

இன்னொன்று. நமது ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் பெரும்பாலும் கார்டு பெட்டியோடு சேர்ந்து வண்டியின் கோடியில் இருக்கும். யாருக்கு நடப்பது சிரமமோ அவரை நடைமேடையின் கோடிவரை நடக்க வைக்கும் ஏற்பாடு. இதை வகுத்தவர்கள் ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்திருக்கலாம்.

இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாகப் போய்வரும் பார்வையற்ற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். விளிம்பு பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

"சாரே, மழ வந்தா எனக்கு ரெண்டாவது வாட்டி கண்ணு போன கணக்கு. தகரத்துல அடிக்கிய சத்தத்துல வண்டி எந்தப் பக்கமா வருதுன்னே தெரியாது, கேட்டியளா."

இடவப்பாதியும் துலாமழையும் என்று இரண்டு பருவமழையும் கொட்டும் நாடு இது. காது கைவிடும் நேரத்தில் காலுக்கு மட்டும்தான் சேதி போக வழி உண்டு. "அந்த மஞ்ச டைல்ஸ் உதவுதா?" என்று கேட்டேன்.

"உதவும். ஆனா ஒரு குறை உண்டும். புள்ளி காலுல தட்டும். தட்டினா நின்னுடுவேன். நின்ன பொறவு, நான் உள்பக்கம் நிக்கியனா, வெளிப்பக்கம் நிக்கியனான்னு அது சொல்லாதே?"

இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் இதே கேள்வியைப் பலர் கேட்டு, அதற்கு விடையும் வந்தது. அதற்கு முன் ஒகயாமா போக வேண்டும்.

மேற்கு ஜப்பானில் உள்ள ஒகயாமா நகரில் மியாக்கே செய்ச்சி என்பவர் தங்கும் விடுதி நடத்தி வந்தார். பொறியாளர் இல்லை, அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை. கைவேலையில் ஆர்வமுள்ள வியாபாரி. வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடந்த ஒருவரை வண்டி ஒன்று உரசிக்கொண்டு பாய்ந்து போனதை ஒருநாள் நேரில் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. அவருக்கு இவாஹாஷி ஹிதேயுகி என்றொரு நண்பர். பார்வை மங்கிக்கொண்டே வந்தவர், பார்வையற்றோருக்கான பணியில் இருந்தவர். பேச்சுவாக்கில் அவர் ஒரு விஷயம் சொன்னார்: பாசி படர்ந்த இடம் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பது காலணி போட்டிருந்தாலும் தனக்குத் தெரிகிறது என்று.

பாசி என்றால் என்ன என்று குமரி மேற்கில் இருப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆடி மாதத்தில் செங்கல் நடையில் கால் வைத்தவுடன் உடம்பே எச்சரிக்கையாகிவிடும். வாவுபலிச் சடங்குக்குக் குழித்துறைத் தாமிரபரணிப் படியில் இறங்குகிறவர்கள் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பிடித்துத்தான் இறங்குகிறார்கள். நாம் அதை வழுக்கலாக மட்டும் அறிந்தோம். மியாக்கே அதில் ஒரு வழிகாட்டியைக் கண்டார். தரையின் தன்மை மாறினால் கால் கேட்கும் என்றால், தரையை வேண்டுமென்றே மாற்றினால் என்ன?

1965இல் வேலை முடிந்தது. கான்கிரீட் பலகை; மேலே அரைக்கோளக் குமிழ்கள், வரிசைக்கு ஏழு, ஏழு வரிசை. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் 230 பலகைகள் பதிக்கப்பட்டன. மியாக்கே தன் கைப்பணத்தில் கொடுத்தவை. உலகில் முதல் முறை. செய்தித்தாள்கள் எழுதின, அதோடு சரி. மியாக்கே ஊர் ஊராக அரசு அலுவலகங்களுக்கு எழுதினார், மாதிரிகள் அனுப்பினார். ஆர்டர் வரவில்லை. விடுதிக்காரர் செய்த கான்கிரீட் பலகையை எந்தப் பொறியாளர் ஏற்றுக்கொள்வார்?

1970இல்தான் வாசல் திறந்தது. ஓசாகாவில் பார்வையற்றோர் பள்ளி மாணவர்கள் ஏறி இறங்கும் அபிகோச்சோ நிலையத்தில், பள்ளியின் வேண்டுகோளால், ரயில் நடைமேடை ஒன்றில் முதன்முதலாக இந்தப் பலகைகள் பதிக்கப்பட்டன. அதே காலகட்டத்தில் டோக்கியோ நகர நிர்வாகம் தகதனோபாபா நிலையத்தின் கிழக்குப் பகுதிச் சாலைகளை மாதிரிப் பகுதியாக எடுத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கு மேல் பலகைகள் பதித்தது. பிரெயில் நூலகமும் பார்வையற்றோருக்கான நிறுவனங்களும் அந்தப் பக்கம்தான்.

தகதனோபாபா. ஆம், அதே தகதனோபாபா. 1973இல் அந்த மனிதர் விழுந்த நிலையம். வெளியே சாலையில் பலகைகள். உள்ளே நடைமேடையில் ஒன்றுகூட இல்லை. சாலை நகர நிர்வாகத்துடையது, நடைமேடை ரயில்வேயுடையது. இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம், கடைசியில் தேவைப்படும்.

அதே 1973இன் ஆகஸ்டில் ஓசாகாவின் ஃபுகுஷிமா நிலையத்தில் இன்னொருவர் விழுந்தார். உயிர் பிழைத்தார், இரண்டு கால்களும் போயின. அவர் தொடுத்த வழக்கு ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கீழே உயர் நீதிமன்றம் ரயில்வேயின் பொறுப்பு என்று சொல்லியிருந்தது. 1986 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து திருப்பி அனுப்பியது. புதிதாக வந்த ஒரு பாதுகாப்புச் சாதனம் இல்லை என்பதாலேயே குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. அது அன்று எவ்வளவு பரவியிருந்தது, அந்த நிலையத்தில் விபத்துக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது, வைப்பது எவ்வளவு கடினம் என்றெல்லாம் எடைபோட வேண்டும் என்றது.

சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் தவறு சொல்ல முடியாத தர்க்கம். ஆனால் அதன் பின்விளைவை யோசித்துப் பாருங்கள். யாரும் வைக்காத வரை வைக்காதது குற்றமாகாது. குற்றமாகாத வரை யாரும் வைக்க அவசரப்பட மாட்டார்கள். நல்லவேளையாக ரயில்வே தீர்ப்பின் நிழலில் ஒதுங்கவில்லை. தகதனோபாபா வழக்கின் மேல்முறையீடு சமரசத்தில் முடிந்தது. அதற்குள் நிலையங்களில் பலகைகள் மளமளவென்று பரவியிருந்தன. மியாக்கே 1982இலேயே இறந்துவிட்டார்.

இரக்கத்தால் வந்த பொருள் இது என்று சொல்வார்கள். ஒகயாமாவைப் பொறுத்தவரை உண்மை. நடைமேடைகளில் பரவிய கதை வேறு. அங்கே இரண்டு மனிதர்கள் விழ வேண்டியிருந்தது, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்க வேண்டியிருந்தது.

இனி பலகையைப் பற்றி. இன்று உலகெங்கும் இரண்டே வகைதான் முக்கியம். நீளவாக்கில் மேடான கோடுகள் உள்ள பலகை 'போ' என்கிறது. கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் நடக்கலாம். குமிழ்கள் உள்ளது 'நில்' என்கிறது. முன்னால் படி, சாலை, கதவு, திருப்பம், விளிம்பு ஏதோ ஒன்று. இலக்கணம் அவ்வளவுதான். ஜப்பான் 2001இல் இதற்குத் தேசியத் தரம் வகுத்தது. 2012இல் சர்வதேசத் தரம் வந்தது. மேட்டின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் செருப்பைத் தாண்டிக் காலுக்குத் தெரியாது. கூடினால் சக்கர நாற்காலி குலுங்கும், முதியவர் கால் இடறும். ஒருவர் வசதி இன்னொருவர் வாதை ஆகாதபடி பேரம் பேசி நிறுத்திய அளவு அது.

நிறம் மஞ்சள் என்பதும் பின்னால் வந்ததுதான். முதல் பலகைகள் சாம்பல் நிறக் கான்கிரீட். பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முழு இருட்டு இல்லை, ஏதோ கொஞ்சம் தெரியும். சாம்பல் தரையில் மஞ்சள் கோடு அவர்களுக்குத் தூரத்திலிருந்தே வழி காட்டும். இதை அறியாமல் "மற்ற டைல்ஸோடு ஒத்துப்போகட்டும்" என்று அதே நிறத்தில் பதித்துவிடும் கட்டடக் கலைஞர்கள் நம்மூரில் உண்டு. பளபளக்கும் எவர்சில்வர் குமிழ்களைத் திருகிவைத்து அழகு பார்ப்பவர்களும் உண்டு. மழையில் அதன்மேல் கால் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது பெரியவரின் கேள்வி. குமிழ்ப் பட்டையில் கால் பட்டது, நின்றாயிற்று. தண்டவாளம் எந்தப் பக்கம்? நடந்து வந்த திசை நினைவிருந்தால் பிழைத்தோம். யாராவது இடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால்? இருபுறமும் தண்டவாளம் உள்ள நடைமேடையில் இது உயிர் போகிற குழப்பம். பாதுகாப்பான பக்கம் என்று நினைத்து விலகி, நேராக விளிம்புக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான் கண்ட தீர்வு மிக எளிது. குமிழ்ப் பட்டையின் உட்புறத்தை ஒட்டி ஒரே ஒரு கோடு. கால் அந்தக் கோட்டைத் தொட்டால் அந்தப் பக்கம் நடைமேடை. தொடாத பக்கம் தண்டவாளம். 2000களின் தொடக்கத்தில் பதிக்கத் தொடங்கி, 2014இல் தேசியத் தரத்திலேயே சேர்த்தார்கள். குமிழ்ப் பலகை நடைமேடைக்கு வந்து முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து இந்த ஒற்றைக் கோடு. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதைக்காக நடைமேடைகளில் கை வைக்கும் இந்தக் காலத்தில் அதையும் சேர்த்துக்கொண்டால் பெரிய செலவு ஆகப் போவதில்லை.

அத்தனை செய்த ஜப்பானிலும் 2016 ஆகஸ்டில் டோக்கியோ சுரங்க ரயிலின் அவோயாமா–இச்சோமே நிலையத்தில் வழிகாட்டி நாயுடன் வந்த ஒருவர் விழுந்து இறந்தார். பட்டை இருந்தது, அதை மறித்துக்கொண்டு தூணும் இருந்தது. முழுத் தீர்வு நடைமேடைக் கதவுகள்தான். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் பார்க்கிறோமே, ரயில் வந்து நின்ற பிறகு திறக்கும் கண்ணாடிக் கதவுகள். குழித்துறையில் அது நடக்காது. மெட்ரோவில் எல்லா வண்டிக்கும் ஒரே நீளம், ஒரே இடத்தில் வாசல். இங்கே பாசஞ்சரும் வரும், அனந்தபுரி எக்ஸ்பிரஸும் வரும். பழைய பெட்டிக்கு வாசல் ஓரிடம், புதுப் பெட்டிக்கு வேறிடம். எனவே நமக்கு வெகுகாலத்துக்கு அந்த 5 மில்லிமீட்டர்தான் கதி.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். தென் தமிழகத்தில் பார்வையற்றோர் வரலாறு என்றால் பாளையங்கோட்டையில் தொடங்க வேண்டும். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் அங்கே சுப்பு என்ற பார்வையற்றவருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போய், அது பள்ளியாக வளர்ந்தது. அமிர்தசரஸில் இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழுக்குப் புள்ளி எழுத்து அமைத்ததிலும் அம்மையாருக்குப் பங்கு உண்டு. ஆக, தமிழ் படிக்கும் விரலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுத்து கிடைத்துவிட்டது. காலுக்கு எழுத்து கிடைக்க இன்னொரு நூற்றாண்டு பிடித்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பார்வையற்ற பிள்ளை பள்ளிக்குப் போகும், விடுதியில் தங்கும். லீவுக்கு அப்பனோ அண்ணனோ வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். தனியாகப் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. 1981இல் நாகர்கோவில்–திருநெல்வேலி பாதை திறந்து, இந்தத் தடத்திலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் ரயிலிலேயே போகலாம் என்று ஆனபோதும் அந்த நினைப்பு மாறவில்லை. துணையோடு வருகிறவருக்குத் தரை ஏன் பேச வேண்டும்? நம் நிலையங்கள் எல்லாமே இந்தக் கேள்விக்குறியின் மேல்தான் கட்டப்பட்டன.

மாற்றம் படித்த பார்வையற்றோரிடமிருந்து வந்தது. வேலைக்குத் தனியாகப் போய்வந்தவர்கள், டெல்லியில் சாலையில் இறங்கிப் போராடியவர்கள். 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 45ஆம் பிரிவில் முதல்முறையாகத் தரை இடம்பெற்றது: சாலைச் சிவப்பு விளக்குகளில் ஒலி எழுப்பும் கருவி, கடவைக் கோடுகளின் மேல் பார்வையற்றோருக்கான மேடுபள்ளம், ரயில் நடைமேடை விளிம்பிலும் அதுபோல். தெளிவாக எழுதியிருந்தார்கள். கூடவே, பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று ஒரு வாசகமும் போட்டார்கள். அந்த வாசகத்துக்குள் இருபது ஆண்டுகள் புகுந்துகொண்டன.

இடையில் 2002 டிசம்பரில் டெல்லி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நிலையத்துக்குள் மஞ்சள் பட்டை ஓடியது. சாதாரண இந்தியப் பயணி இதை முதலில் பார்த்தது பெரும்பாலும் அங்கேதான். 2015இல் சென்னை மெட்ரோ. கோயம்பேட்டில் இறங்கிய நம்மூர்க்காரர்கள் சக்கரப் பெட்டி இதில் கடகடவென்று ஆடுவதைத்தான் முதலில் கவனித்தார்கள்.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போட்டார். சாலை, போக்குவரத்து, பொதுக் கட்டடம் எதுவும் தங்களுக்கு எட்டவில்லை. சட்டம் இருந்து என்ன பயன் என்பது சாரம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2017 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. காலக்கெடுகளோடு கட்டளைகள் வந்தன. அதற்குள் 2016ஆம் ஆண்டின் புதிய உரிமைச் சட்டமும் வந்து, இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும் என்றிருந்தது. விதிகள் வெளியானது 2017 ஜூன்; கெடு முடிந்தது 2022 ஜூன். வேலை முடியவில்லை என்பது ஊரறிந்தது.

2024 நவம்பர் 8 அன்று அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஆழமாகத் தோண்டியது. விதிகளின் 15ஆவது விதி தரங்களை வெறும் வழிகாட்டுதல்களாக வைத்திருக்கிறது. சட்டமோ கட்டாயம் என்கிறது. எனவே அந்த விதியின் உட்பிரிவு செல்லாது என்று சொல்லி, மீறவே முடியாத அடிப்படைத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. இது வெறும் காகித விவகாரம் என்று தோன்றும். பலகை பதிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் தோன்றாது. கட்டாயம் என்றால் கொத்தனார் தவறாகப் பதித்ததை ஆய்வாளர் பெயர்த்தெடுக்கச் சொல்லலாம். ஆலோசனை என்றால் பில் பாஸாகிவிடும்.

தவறாகப் பதிப்பது என்றால் என்ன? நாடு முழுக்கக் காணக் கிடைக்கும் காட்சிகள்: கோட்டுப் பலகை வர வேண்டிய இடத்தில் குமிழ்ப் பலகை, அதாவது நடக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் அடிக்கு அடி 'நில்'. திருப்பத்தில் குமிழ் இல்லாமல் கோடு நேராகச் சுவரில் முட்டுவது. பட்டையின் நடுவில் மின்கம்பம், மரம், சாக்கடை மூடி. ஒரு பலகை உடைந்தால் கிடைத்த சாதாரண டைலை வைத்து ஒட்டுவது. பிழையான எழுத்தைக் கண்ணால் படிப்பவர் சிரித்துவிட்டு நகரலாம். காலால் படிப்பவர் அதை நம்பி ஓரடி எடுத்து வைத்துவிடுவார். அதனால்தான் பட்டையே இல்லாத நடைமேடையைவிடப் பிழையான பட்டை உள்ள நடைமேடை ஆபத்து என்று நான் நினைக்கிறேன். முன்னதில் குறைந்தபட்சம் எச்சரிக்கையாவது இருக்கும்.

குழித்துறை அமிர்த பாரத் நிலையத் திட்டப் பட்டியலில் வந்தது. 2025 மே 22 அன்று பிரதமர் காணொலியில் திறந்துவைத்த 103 நிலையங்களில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் அன்று ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருவண்ணாமலை, பரங்கிமலை முதலான நிலையங்களும் கூடவே திறக்கப்பட்டன. முகப்பு, காத்திருப்பு அறை, நடைமேடைக் கூரை என்று நீளும் அந்தத் திட்ட வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளும் ஓர் இனம். ஒகயாமாச் சாலையில் 230 பலகைகள் பதித்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள், இந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகள்.

நிலைய வாசலுக்கு வெளியே வந்தால் ரயில்வே எல்லை முடிகிறது. அதற்கப்பால் சாலை யாருடையதோ அவர்களுடைய பொறுப்பு: உள்ளாட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தால் தேசிய நெடுஞ்சாலை. இந்திய சாலைக் காங்கிரசின் பாதசாரி வசதிகளுக்கான 2012ஆம் ஆண்டுக் கையேட்டில் இதே குமிழ்ப் பலகையும் கோட்டுப் பலகையும் சொல்லப்பட்டிருக்கின்றன. பதிக்க முதலில் நடைபாதை வேண்டும். மார்த்தாண்டம் சந்தை நாளில் பாலத்துக்கு அடியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கண் உள்ளவரே அங்கே காலால்தான் வழி தேடுகிறார். தகதனோபாபாவில் சாலையில் பலகை இருந்தது, நடைமேடையில் இல்லை. இங்கே எதிர்ப்பக்கமாகத் தொடங்கியிருக்கிறோம்.

அடுத்த நிலையம் பள்ளியாடி. அங்கே ரயில் வருவதற்கு முந்தைய மாட்டுவண்டிப் பாதைகளையும், பாதை போட நிலம் எடுத்தபோது நடந்தவற்றையும் பார்க்கலாம்.

(தொடரும்)